நார்மல் அக்காவின் சாட்சி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் சபையில் யாரும் என் பக்கம் மைக்கை நீட்டியதில்லை. கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்களா என்று தெரியாது. போட்டிருந்தால் நானே முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன்.

தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இது நடந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் மஸ்கட்டில். கல்யாணம் ஆகவில்லை (ஏன் என்று கேட்பவர்களுக்கென்று ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன், அதைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்). இரும்புலியூரில் எஸ்தர் ஆண்ட்டி வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. ஆண்ட்டி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வாடகைக்கு விடும்போதே, "நாய் கூடாது, பூனை கூடாது, சத்தமாப் பாட்டு கூடாது" என்று காலைக் கூட்டத்தில் பேசுவதுபோலச் சொன்னார். நானும் சரி என்றேன். நாய், பூனை, பாட்டு மூன்றும் என்னிடம் இல்லை.

எலி இருந்தது. அதை அவர் கேட்கவில்லை.

தெருவில் ஓடுகிற எலி இல்லை. வெள்ளை எலி, சிவப்புக் கண், இரண்டு. வேங்கைவாசல் போகும் வழியில் ஒரு மீன் தொட்டிக் கடையில் வாங்கினேன். மீன் வாங்கத்தான் போனேன், ஆனால் மீன் சத்தம் போடாது. வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது ஓர் உயிர் அசைகிற சத்தம் கேட்டால் போதும் என்று இருந்த காலம் அது. அம்மணி, கண்மணி என்று பெயர் வைத்தேன். அம்மணி சாது. கண்மணி கூண்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கடிக்கும். வீட்டில் என்னைத் தொடுகிற ஒரே ஜீவன் என்பதால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது லேபுக்கு வருவோம். புதிதாக ஒரு கிட் வந்தால் அதை நேரே நோயாளி ரத்தத்தில் போட்டுவிட மாட்டோம், சரிபார்க்க வேண்டும். கிட்டோடு வரும் மாதிரித் திரவங்கள் போக, எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நோய் இல்லாத ஒருவருடைய ரத்தத்தையும் அதே தட்டில் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். நோய் இல்லாத ஒருவருக்கு எங்கே போவது? லேபிலேயே யாராவது சட்டைக் கையை மடக்க வேண்டியதுதான். என் கூட வேலை செய்யும் கார்த்திக் காலையிலேயே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவான், அவன் ரத்தம் பால் கலந்த மாதிரி நிற்கும். எங்கள் டாக்டர் பத்மா மேடத்துக்கு தைராய்டு, சர்க்கரை எல்லாம் உண்டு. மிச்சம் நான். எந்த டெஸ்ட் போட்டாலும் நடுவாந்திரமாக வந்து நிற்கும் ரத்தம். அதனால் லேபில் எனக்குப் பெயரே 'நார்மல் அக்கா'.

"உன் ரத்தம் முத்திரை குத்துன சரக்குக்கா" என்பான் கார்த்திக். வெளியே அலட்டிக்கொள்ள மாட்டேன். உள்ளுக்குள் பெருமைதான். யாரும் எனக்கு வேறு எந்தச் சான்றிதழும் கொடுக்கவில்லையே.

அந்த வாரம் வந்தது சிஏ-125 கிட், ஒரு புதிய கம்பெனியுடையது. சினைப்பையில் புற்று இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு பொருளை அது கண்டுபிடிக்கும். முப்பத்தைந்துக்குள் இருந்தால் நிம்மதி. ஏறியிருந்தாலே புற்று என்று அர்த்தமில்லை, வேறு பல காரணங்களுக்கும் ஏறும். இதை கவுன்டரில் எத்தனையோ பெண்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். "பயப்படாதீங்கம்மா, இது வெறும் நம்பர், டாக்டரைப் பாருங்க" என்று அவர்கள் கையைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ரத்தத்தின் தெளிவான நீரை விட்டு, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, கழுவி, கடைசியில் நிறம் வருவதைப் பார்க்க வேண்டும். மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் அந்தப் பொருள் அதிகம். நார்மலுக்கு அடையாளமாக ஆங்கில எழுத்து 'என்' போட்டிருந்த என் குழி, யாரோ மஞ்சள் தூளை அள்ளிக் கரைத்ததுபோல நின்றது. ரீடரில் வைத்தேன். நானூறுக்கு மேல்.

குழி மாறியிருக்கும் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்.

அந்த இடத்தில் ஒரு டெக்னீஷியன் செய்ய வேண்டியது என்ன? எழுந்து பக்கத்து அறைக்குப் போய் பத்மா மேடத்திடம் சொல்ல வேண்டும். பத்தடி தூரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டைக் கழிவுத் தொட்டியில் போட்டேன், கை கழுவினேன், 'கிட்டை அடுத்த வாரம் பார்க்கலாம், வேலை நிறைய இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊருக்கெல்லாம் வெறும் நம்பராக இருந்தது, எனக்கு வந்ததும் தீர்ப்பாகிவிட்டது. (மற்றவர்கள் ரிப்போர்ட் படித்துப் படித்து மூளையின் ஒரு பகுதி கெட்டுப்போயிருக்கும் என்பது என் எண்ணம்.)

அன்று சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போய், படி ஏறி, கட்டிலில் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் ஆபீஸ். தண்ணி கேன். பிளம்பர். பிளம்பர் புதுசு. கூடப் படித்தவள் ஒருத்தி, கடைசியாக அவள் அனுப்பியது பொங்கல் வாழ்த்துப் படம், அதுவும் போன வருஷத்துப் பொங்கல். சாகப் போகிற பயத்தைவிட அந்தப் பட்டியல்தான் என்னை அதிகமாக அழ வைத்தது. கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சொல்லு ஹெலன், ஏதாவது அர்ஜென்ட்டா?"

"இல்லண்ணா. சும்மாதான்."

"அப்ப வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்கு நிதானமாப் பேசுவோமா? இப்ப சைட்ல இருக்கேன்."

சரி என்று வைத்துவிட்டேன். பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் போய் அம்மணியிடமும் கண்மணியிடமும் சொன்னேன். அம்மணி முகத்தைக் கழுவிக்கொண்டது. ஆறுதலாகத் தடவலாம் என்று கை விட்டேன், கண்மணி கடித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் ஆண்ட்டி வீட்டில் ஜெபக் கூட்டம். சபைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மாடியில் இருந்துகொண்டு போகாமல் இருந்தால் ஆண்ட்டி வருகைப் பதிவு எடுப்பார் என்பதால் நானும் போவேன். பாட்டெல்லாம் முடிந்து ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். மகனுக்கு விசா, மருமகளுக்குப் பிரசவம், மூட்டு வலி, ராஜகீழ்ப்பாக்கம் மனைக்குப் பட்டா. என் முறை வரும்போது எப்போதும் "பொதுவான ஜெபம்தான் ஆண்ட்டி" என்பேன். மகனும் மருமகளும் மனையும் இல்லாதவளுக்கு வேறென்ன குறிப்பு இருக்கிறது?

அன்றைக்கும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு கேன்சர்னு நினைக்கிறேன்" என்று வந்துவிட்டது, பின்னாலேயே அந்த நானூறும்.

அடுத்து நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் என் தலையிலும் தோளிலும் முதுகிலும் கைகள். எத்தனை வருஷமாக யாருமே தொடாத உடம்பு. ஓவென்று அழுதேன். ஆண்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், தலைமை ஆசிரியை ஆனார்.

"திங்கள் யாரு, செவ்வாய் யாரு, பேர் சொல்லுங்க. இந்தப் பொண்ணு இனிமே அடுப்புப் பத்த வைக்கக் கூடாது."

அன்றிலிருந்து என் மாடிப்படிக்கு ஓய்வே இல்லை. ஒரு நாள் ஆட்டுக்கால் சூப், ஒரு நாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். கோவிலம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா இரண்டு பஸ் மாறி மீன் குழம்பு கொண்டுவந்தார். புற்றுநோய் வந்த காலத்தில்தான் என் கன்னம் உப்பியது.

சிக்கல் எலிகளால் வந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் கூண்டைத் தூக்கிக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். "உன் வீட்ல என்னமோ ஒரு வாடை வருதே" என்று ஆண்ட்டி மூக்கைச் சுளிப்பார். "லேப் வாடை ஆண்ட்டி, துணியில ஒட்டிக்கும்" என்பேன். ஒரு நாள் எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கண்மணி 'கீச்' என்றது. சபையிலேயே மூத்த அம்மா ஒருவர், கண்ணைத் திறக்காமலே, "சத்துரு அலறுறான்! விடாதீங்க, இன்னும் சத்தமா ஜெபிங்க!" என்றார். சத்தம் கூடியது. பயந்துபோய் அம்மணியும் கத்தியது. சத்துரு, அதாவது சாத்தான், இரண்டு பேர் என்று முடிவாகி, அன்றைய ஜெபம் ஒரு மணி நேரம் நீண்டது.

ஸ்கேன் எடுத்தாயா, எடுத்தாயா என்று ஆண்ட்டி தினமும் கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஸ்கேனில் ஏதாவது இருந்தால் செத்துப்போவேன், ஒன்றுமில்லை என்றால் படியில் செருப்புச் சத்தம் நின்றுபோகும். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்பது அந்த நாட்களில்தான் எனக்கே தெரிந்தது.

லேபில் சாமான்களைப் பங்கு வைக்க ஆரம்பித்தேன். என் சாய்வு நாற்காலியை கார்த்திக்குக் கொடுத்தேன். சொட்டுச் சொட்டாக அளந்து விடும், யாரையும் தொட விடாத என் பைப்பெட்டையும் கொடுத்தேன். அவன் அதை வாங்கவில்லை.

"இன்னாக்கா இது? நாற்காலி குடுக்குறே, பைப்பெட் குடுக்குறே, மூஞ்சி வேற ஒரு மாதிரி கீது. எங்கனா போறியா?"

"ஒண்ணுமில்லடா."

"எனுக்குப் பேஜாரா கீதுக்கா. நான் மேடத்தாண்ட சொல்டுவேன்."

சொல்லிவிட்டான். மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். முதலில் அவர் கேட்டது என் உடம்பைப் பற்றி இல்லை. "அந்த சிஏ கிட் வந்து எத்தனை நாளாச்சு? உன் நார்மல் வேல்யூ என்ன வந்துச்சு? ஏன் இன்னும் எங்கிட்ட வரலை?" நான் நம்பரைச் சொல்லிவிட்டு அழுதேன்.

"நம்ம பழைய கிட்ல உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"பன்னெண்டு மேடம்."

"பன்னெண்டு, இப்ப நானூறு. தண்ணி கலந்து பாதியாக்கிப் போட்டுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. உண்மையிலேயே அந்தப் பொருள் இருந்தால், ரத்தத்தைப் பாதியாகக் கரைத்தால் நம்பரும் பாதியாக வேண்டும். ஆகவில்லை என்றால் வேறு ஏதோ புகுந்து ஆட்டம் காட்டுகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதே நான்தான். இறந்துபோவதில் மும்முரமாக இருந்ததால் மறந்துவிட்டேன்.

மேடம் தானே உட்கார்ந்து போட்டார். பாதியாகக் கரைத்ததும் நானூறு என்பது முப்பதாகக் கவிழ்ந்தது. பழைய கிட்டில் அதே பன்னிரண்டு. "எதுக்கும் ஸ்கேன் எடு, நான் கூட வரேன்" என்று குரோம்பேட்டைக்குக் கூட்டிப் போனார். ஒன்றுமே இல்லை, சுத்தம். மேடம் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். சதீஷ் என்று ஒரு மரியாதையான பையன்.

"மேடம், தப்பா நினைக்கலைன்னா ஒரு பெர்சனல் கேள்வி. உங்க வீட்ல எலி இருக்கா?"

"என்ன சார் பேசுறீங்க? எங்க வீடு ரொம்ப சுத்தமா இருக்கும்."

"இல்ல மேடம், வளர்க்கிறீங்களான்னு கேட்டேன். சில பேர் வெள்ளை எலி வளர்ப்பாங்க. கடிக்கும்."

நான் கட்டைவிரலில் இருந்த தழும்பைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். இந்தக் கிட்டில் இருக்கும் ஆன்டிபாடிகளை எலியிடமிருந்துதான் எடுக்கிறார்கள். ஒன்று குழியின் அடியில் உட்கார்ந்து, தேடுகிற பொருளைப் பிடிக்கும். இன்னொன்று நிறத்தோடு மேலே வந்து உட்காரும். நடுவில் அந்தப் பொருள் இருந்தால்தான் இரண்டும் சேரும், மஞ்சள் நிற்கும். கண்மணி என்னைக் கடித்துக் கடித்து, என் உடம்பு எலி என்றாலே எதிர்க்கப் பழகியிருந்தது. அந்த எதிர்ப்புச் சரக்கு இந்தக் கிட்டில் நடுவே புகுந்து, பெண்ணே இல்லாத கல்யாணத்துக்குத் தரகர் போல இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டது. நல்ல கிட் என்றால் இதைத் தடுக்க ஒரு சாமான் சேர்த்திருப்பார்கள். இதில் போதுமான அளவு இல்லை.

அந்தக் கிட்டைத் திருப்பி அனுப்பினோம். சாயங்காலம் நேராக ஆண்ட்டியிடம் போய், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல ஆண்ட்டி" என்றேன். எலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆண்ட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ற" என்றார்.

சாட்சி என்றால் ஆராதனையில் எல்லோர் முன்னாலும் நின்று, தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று போனேன். "எனக்காக ஜெபித்த எல்லோருக்கும் நன்றி, எனக்கு நோய் இல்லை" என்றேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. மைக்கைக் கொடுக்கப் போனேன். முதல் வரிசையிலிருந்து ஆண்ட்டி, "முழுசாச் சொல்லு ஹெலன். நானூறு இருந்துச்சுன்னு சொல்லு. அது எப்படி மறைஞ்சுதுன்னு சொல்லு" என்றார்.

அங்கேதான் என் டெக்னீஷியன் புத்தி எழுந்தது. நானூறு மறையவில்லையே! அது முதலிலிருந்தே இல்லையே! எனக்காக அழுத ஜனங்களிடம், அதுவும் கோயிலில் நின்றுகொண்டு, தப்பான ரிசல்ட் கொடுப்பதா? "அது வந்து, அந்த ரிப்போர்ட்டே தப்பு. கிட்டில் இருக்கிற ஆன்டிபாடி எலியிடமிருந்து எடுத்தது. என் ரத்தத்தில் எலிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது..." எதிரொலிக்கும் ஸ்பீக்கர் வேறு. 'எலி... எலி... எலி...' என்று கூரையைச் சுற்றி வந்தது.

ஆயர் மெதுவாகக் கேட்டார். "உங்க ரத்தத்துல எலியாம்மா?"

"இல்லங்கய்யா, வீட்டில். இரண்டு வளர்க்கிறேன். ஒன்றுதான் கடிக்கும்."

பின் வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் மொத்தச் சபையும். மூத்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப அன்னிக்கு அலறுனது?" என்று கேட்டது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. எஸ்தர் ஆண்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"என் வீட்லயா?"

நான் மைக்கை ஆயர் கையில் வைத்துவிட்டு, பக்க வாசல் வழியாக வெளியேறி, செருப்பைக்கூட மாட்டாமல் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். நோய் இல்லாத ஒருத்திக்கு எதற்குச் சூப்? நான் அடுப்பைப் பற்றவைத்து ரவை உப்புமா கிண்டினேன். ஒருவருக்கு எவ்வளவு ரவை என்பதே மறந்துபோயிருந்தது, நிறைய மிஞ்சியது. அத்தனை நாளும் ஒளித்து வைத்த கூண்டை அறை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பு நன்றாக இருந்தது. ரிசல்ட் எல்லாம் நார்மல். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. எழுந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன், எப்படியும் காலி பண்ணச் சொல்வார்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்ட்டி. கையில் என் செருப்பு, கோயில் வாசலிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

"எங்க அதுங்க? காமி."

கூண்டைக் காட்டினேன். முட்டி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எது கடிக்கிறது?"

"இது ஆண்ட்டி. கண்மணி."

"திமிரு மூஞ்சியிலேயே தெரியுது." எழுந்துகொள்ள என் கையைப் பிடித்தார். பெட்டியைப் பார்த்தார். "இதென்ன, துணியெல்லாம்? நான் போகச் சொன்னேனா?"

"வாடகைக்கு விடும்போதே சொன்னீங்களே ஆண்ட்டி..."

"நாய் பூனைதானே சொன்னேன்? கேள்வித்தாள்ல இல்லாததுக்கு நான் எப்படி மார்க் குறைக்கிறது?" உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "உனக்காகப் பண்ண ஜெபத்தையெல்லாம் திருப்பி வாங்கவும் முடியாது. உப்பு பத்தலை."

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. எலிகள் அதிக நாள் வாழ்வதில்லை. இரண்டும் ஆண்ட்டியின் செம்பருத்திச் செடிக்கு அடியில் இருக்கின்றன. குழி தோண்டியது ஆண்ட்டிதான். லேபில் இப்போது நார்மல் ரத்தம் கொடுப்பதற்காகவே கார்த்திக் பரோட்டாவை விட்டுவிட்டான். புதுக் கிட் எலிக்கு ஏமாறுகிறதா என்று பார்க்க எடுக்கும் என் குழாயில் 'என்' போடாமல் சின்னதாக ஒரு வால் வரைந்து வைக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் ஆண்ட்டியின் பிள்ளைகள் வீடியோவில் வந்தால், தாயை விசாரிப்பதற்கு முன் "எலி அக்கா சௌக்கியமா?" என்கிறார்கள். ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தால், "ஹெலனுக்குப் பொது ஜெபமா, எலி ஜெபமா?" என்று ஆண்ட்டி கேட்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் நான் வாயைத் திறக்க முடியும்.

இன்னொன்றும் பழக்கமாகிவிட்டது. தினமும் சாயங்காலம் ஆண்ட்டி கீழேயிருந்து ஒட்டடைக் கம்பால் கூரையில் தட்டுவார், 'நார்மலா?' என்று அர்த்தம். நான் தரையில் காலைத் தட்டுவேன். நார்மல். போன மழைக் காலத்தில் ஒரு நாள் தட்டவில்லை. காத்திருந்து பார்த்தேன். காலைத் தட்டினேன், பதில் இல்லை. எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஆண்ட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒட்டடைக் கம்பு, முகத்தில் ஒன்றுமே இல்லை.

"என்ன ஆண்ட்டி, ஏன் தட்டலை?" எனக்கு மூச்சு வாங்கியது.

"சும்மாதான்" என்றார். "ஏன், நீ மட்டும்தான் டெஸ்ட் எடுப்பியா?"